வூஃபர் உறுமினால் எர்த் பின்னை வெட்டாதீர்கள்

போன மார்கழியில் எங்கள் வீட்டு ஹாலில் ஓர் உறுமல் குடியேறியது. அதை விரட்டப் போய் நான் செய்த முட்டாள்தனத்தையும், கடவுள் புண்ணியத்தில் தப்பித்ததையும் எழுதிவைத்தால் என் வயதுக்காரர்கள் நாலு பேருக்காவது உபயோகப்படும் என்று தோன்றியது. முப்பத்தாறு வருஷம் டெலிபோன் இலாகாவில் லைன் பார்த்தவன் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யக்கூடாதுதான். ஆனால் செய்தேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவியோ, ஆம்ப்ளிஃபயரோ, வூஃபரோ எதில் உறுமல் வந்தாலும் சரி, அதை நிறுத்துவதற்காக மூணு பின் பிளக்கில் இருக்கும் பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னை, வெட்டவோ பிடுங்கவோ யாரையும் விடாதீர்கள். கடையிலிருந்து வந்த மெக்கானிக் சொன்னாலும் விடாதீர்கள். இஞ்சினீயர் மாப்பிள்ளை சொன்னாலும் விடாதீர்கள்.

இனி கதைக்கு வருகிறேன்.

எனக்கு எழுபத்தைந்து முடிந்ததற்குப் பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுத்தான். சின்னச் சின்னதாக ஐந்து ஸ்பீக்கர், டிவிக்குக் கீழே ஒரு ரிசீவர், மூலையில் அரிசி டிரம் மாதிரி ஒரு வூஃபர். "எதுக்குடா இந்த வயசுல?" என்று வாயால்தான் கேட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். இத்தனை நாள் ரேடியோவிலும் டேப் ரெக்கார்டரிலும் கேட்ட கச்சேரிகளில் மிருதங்கத்தின் வலந்தலைதான் காதில் விழுந்திருக்கிறது. தொப்பியின் கும்காரம் எப்படி இருக்கும் என்று வீட்டு ஹாலில் முதன்முதலாகக் கேட்டது இந்த வூஃபர் வந்த பிறகுதான்.

வந்த நாளிலிருந்தே அதில் லேசாக ஒரு 'ம்ம்ம்' இருந்தது. பாட்டு ஓடும்போது தெரியாது. நிறுத்தினால் தெரியும். பெரிய சாமான் என்றால் கொஞ்சம் மூச்சு விடத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். மார்கழி பிறந்ததும் அது பெரிதாகிவிட்டது. காலை ஆறு மணிக்குப் பாட்டுப் போட்டால் தம்பூரா ஒரு சுருதியில், வூஃபர் ஒரு சுருதியில். வால்யூமைக் குறைத்தால் பாட்டுதான் குறைந்தது. உறுமல் அப்படியே நின்றது.

என் மனைவி ஒரு நாள் சமையலறையிலிருந்தே சொன்னாள்: "என்னங்க, நான் கீஸர் போட்டா உங்க பெட்டி சத்தமா உறுமுது. நிறுத்தினா அடங்குது. கவனிச்சீங்களா?"

"கீஸருக்கும் பாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டேன். இந்தக் கதையில் எல்லாருக்கும் முன்னால் சரியாகக் கண்டுபிடித்தவள் அவள்தான். அதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கடைக்குப் போன் பண்ணினேன். ஒரு தம்பி வந்தார். பணிவான பையன், வேலையும் தெரிந்தவர். வூஃபருக்கு வரும் ஆர்.சி.ஏ. வயரை மாற்றிப் பார்த்தார். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தார். பிறகு, "சார், இது கிரவுண்ட் லூப். எர்த் பின்னை எடுத்துட்டா போயிடும். நாங்க எல்லா வீட்லயும் இப்படித்தான் பண்றோம்" என்றார்.

எனக்கு ஒரு விநாடி சுருக்கென்றது. ஆனாலும், "சரி தம்பி, எடுத்துடுங்க" என்றேன். கட்டிங் பிளேயரால் அந்தப் பெரிய பின்னை ஒரு முறுக்கு முறுக்கி எடுத்தார். பிளக்கைச் சொருகினார். ஹாலே நிசப்தமாகிவிட்டது. நூறு ரூபாய் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரமே மனைவி ஆரம்பித்தாள். "பாத்ரூம் குழாயைத் தொட்டா ஜிவ்வுங்குதுங்க." குளிர்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். திருச்சியில் என்ன பெரிய குளிர்காலம்! அவளும் அதற்கு மேல் வாதாடவில்லை. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குப் போகப் பழகிக்கொண்டாள். நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு பழக்கம். ஃப்ரிட்ஜ் ஜிவ்வென்றால் புடவைத் தலைப்பால் பிடித்துத் திறப்பார்கள். கிரைண்டர் ஜிவ்வென்றால் பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுகொள்வார்கள். புகார் சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்று தெரிந்து, தாங்களே ஒரு வழி பண்ணிக்கொள்வார்கள்.

பொங்கலுக்குப் பேரன் வந்தான். ஆறு வயது. காலையில் குளிக்கப் போனவன் ஈரத் துண்டோடு ஓடி வந்தான். "தாத்தா, தண்ணி கடிக்குது!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஓடிப் போய் மெயினை அணைத்தேன். அப்புறம்தான் திண்ணையில் உட்கார்ந்தேன். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம் கண் முன்னே வந்து நின்றது.

1984. மணப்பாறையில் என் அக்கா வீடு. அத்தான் தீபாவளிக்கு வெட் கிரைண்டர் வாங்கியிருந்தார். அந்தத் தெருவுக்கே முதல் கிரைண்டர். ஆனால் அடுப்படியில் இருந்தது ரெண்டு துளை பிளக் பாயிண்ட். கிரைண்டரில் மூணு பின். எலெக்ட்ரீஷியனைத் தேடினால் தீபாவளி முடிந்த பிறகுதான் கிடைப்பார். "நீதான் டெலிபோன் ஆபீஸ்ல இருக்கியே, ஏதாவது பண்ணுடா" என்றாள் அக்கா. நான் பிளேயரை எடுத்து எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டேன். கீழே இருந்த ரெண்டு பின்னும் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தன. அன்று எனக்குக் கிடைத்த அதிரசம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள், ஈரக் கையோடு மாவை வழித்தவளுக்குக் கை கிரைண்டரோடு ஒட்டிக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லையாம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் மகன் தற்செயலாக உள்ளே வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி மெயினை இறக்கினான். அதனால் பிழைத்தாள். உள்ளங்கையில் தழும்பு கடைசிவரை இருந்தது. உள்ளே மோட்டார் வயரின் இன்சுலேஷன் தேய்ந்து பாடியைத் தொட்டிருக்கிறது. எர்த் பின் இருந்திருந்தால் அந்தக் கணமே கரண்ட் எர்த் வழியாக ஓடி ஃப்யூஸ் போயிருக்கும். அவள் அதைத் தொடும்போது கிரைண்டர் செத்துக் கிடந்திருக்கும்.

"கிரைண்டர் கம்பெனி சரியில்லை" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இருவரும் இப்போது இல்லை. இன்று இதை எழுதுவதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. இவ்வளவு பட்டும், எழுபத்தைந்து வயதில் மறுபடி அதே பின்னை, அதே பிளேயரால் எடுக்கவிட்டேன் பாருங்கள்.

சரி, கண்டுபிடித்த கதைக்கு வருகிறேன்.

டெலிபோனில் மழை முடிந்ததும் முதல் புகார் 'லைன்ல இரைச்சல்' என்றுதான் வரும். ஒரு டெலிபோனுக்கு இரண்டு கம்பிகள், ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி. பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் அதன் உறுமல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறி, ஒன்றையொன்று கழித்துக்கொண்டுவிடும். கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி ஒரு கம்பி மட்டும் மண்ணோடு தொடர்பு கொண்டால் அந்தச் சமநிலை கெட்டு உறுமல் காதில் கேட்கும். அதை 'எர்த் ஃபால்ட்' என்போம். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து கேபினெட், பில்லர், டி.பி. என்று போகும் லைனை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் கோளாறு என்று பார்க்க வேண்டும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றுகிறவன் கடைசியில் எதையும் கண்டுபிடிக்க மாட்டான் என்று எங்கள் பழைய இன்ஸ்பெக்டர் திட்டுவார்.

அதையே ஹாலில் செய்தேன். புதுப் பிளக் வாங்கி எர்த் பின்னோடு வூஃபருக்கு மாட்டினேன். உறுமல் திரும்பி வந்தது. ஆர்.சி.ஏ. வயரை வூஃபரின் பின்னாலிருந்து உருவினேன். உறுமல் நின்றது. ஆக, வூஃபருக்குள் கோளாறு இல்லை. மறுபடி மாட்டி, ரிசீவரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றினேன். டி.வி.டி. பிளேயரைக் கழற்றினேன், மாற்றமில்லை. செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைத் திருகிக் கழற்றினேன். சட்டென்று நின்றது. மாட்டினால் உறுமல், கழற்றினால் அமைதி.

அந்தத் தம்பி சொன்ன கிரவுண்ட் லூப் இதுதான். வூஃபர் நம் வீட்டு எர்த்தில் இருக்கிறது. கேபிள் வயரின் மேல் வலை தெருவில் வேறெங்கோ மண்ணைத் தொடுகிறது. இரண்டும் ஆர்.சி.ஏ. வயர் வழியாக இணைந்து ஒரு வட்டம் ஆகிவிடுகிறது. அந்த வட்டத்தில் ஓடும் கொஞ்சநஞ்ச கரண்ட்தான் 50 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறது. நம் பழைய டிரான்சிஸ்டர் ஸ்பீக்கருக்கு அவ்வளவு மந்தரத்தில் பேச வாய் கிடையாது. வூஃபருக்கு அதுதான் தொழில்.

ஆனால் இதில் ஒரு கேள்வி பாக்கி. மனைவி சொன்ன கீஸர் எங்கே வருகிறது? அவளைக் கூப்பிட்டு கீஸரைப் போடச் சொன்னேன். உறுமல் பெரிதாயிற்று. அணைக்கச் சொன்னேன். சிறிதாயிற்று. மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தேன். ஒன்றிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில், கேபிள் வயரைக் கழற்றிவிட்டுக் கீஸரைப் போட்டால் 92 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 40 வாட்ஸ் குண்டு பல்பை வைத்துப் பார்த்தேன். பிரகாசமாக எரிய வேண்டியது, மினுக்கக்கூட இல்லை. வீட்டில் எந்த பிளக்கிலும் எரியவில்லை.

எங்கள் வீட்டில் எர்த் வயர் இருந்தது. எர்த் இல்லை.

நம்ம எலெக்ட்ரீஷியன் பாயை வரச்சொன்னேன். மெயின் போர்டிலிருந்து எர்த் கம்பி சுவரோரமாக இறங்கி, வாசலில் பேவர் பிளாக்குக்குள் போய் மறைந்தது. "ஐயா, இது எப்ப போட்டது?" என்றார். நாலு வருஷத்துக்கு முன் வாசல் சேறாகிறது என்று போட்டோம். நாலு கல்லைப் பெயர்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. எர்த் குழியைச் சிமெண்ட் கலவையால் நிரப்பியிருந்தார்கள். தோண்டும்போது கம்பி அறுந்திருக்கிறது. அறுந்த முனையை மடக்கி மண்ணுக்குள் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு வருஷமாக வீட்டிலிருந்த அத்தனை மூணு பின் பிளக்கும் வெறும் அலங்காரம்தான்.

இப்போது கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். கீஸரின் காயில் பழசாகி கரண்ட் கசிகிறது. அந்தக் கசிவு எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். போக வழியில்லை. கரண்ட் வழி தேடும். வீட்டு எர்த் வயர் முழுக்கப் பரவி, வூஃபரின் எர்த் பின்னுக்கு வந்து, அங்கிருந்து ஆர்.சி.ஏ. வயரின் வலை, ரிசீவர், டிவி, செட் டாப் பாக்ஸ் என்று போய், கேபிள் வயரைப் பிடித்துத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "சார், உங்க வீட்டு வயரைத் தொட்டா சுர்ருங்குது" என்று கேபிள்காரப் பையன் முன்பு ஒரு தடவை சொன்னதும் ஞாபகம் வந்தது. அவனையும் நான் சிரித்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த வழியைத்தான் பின்னைப் பிடுங்கி நாங்கள் அடைத்தோம். உறுமல் நின்றது. கசிந்த கரண்ட் போக இடமில்லாமல் கீஸரிலும் குழாயிலும் தண்ணீரிலும் தேங்கியது. பேரன் அதில் போய் நின்றான்.

பாய் இரண்டு நாளில் புது எர்த் போட்டுக் கொடுத்தார். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல், மூட ஒரு கல். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினார். வேலை முடிந்து மெயினைப் போட்டோம். எல்லாம் சரியாக இருந்தது. கீஸர் ஸ்விட்சைத் தட்டியதும் 'டப்' என்று ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டது. "இதாங்கய்யா ஆளு" என்றார் பாய். அன்றே கீஸரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். எர்த் சரியான பிறகும் வூஃபரில் மிக லேசான உறுமல் மிச்சம் இருந்தது. இது அசல் கிரவுண்ட் லூப். நம் எர்த்துக்கும் தெருவில் கேபிள்காரர் எர்த்துக்கும் உள்ள சின்ன வித்தியாசம். அதற்கும் பின்னை வெட்டத் தேவையில்லை. கேபிள் வயருக்கு நடுவில் மாட்ட 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று விரல் அளவில் ஒரு சாமான் விற்கிறது. சில நூறு ரூபாய்தான். அதை மாட்டியதும் சுத்தமாக நின்றுவிட்டது.

இனி உங்கள் வீட்டு வூஃபர் உறுமினால் என்ன செய்வது? நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. வயர் கழற்றுவது நம் வேலை. மீட்டர், போர்டு, பல்பு சோதனை எல்லாம் எலெக்ட்ரீஷியன் வேலை. நான் செய்தேனே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். வால்யூமைக் கூட்டினால் உறுமலும் கூடுகிறதா? கூடினால் அது ரிசீவருக்கு முன்னால், டி.வி.டி., செட் டாப் பாக்ஸ் பக்கத்திலிருந்து வருகிறது. கூடாமல் ஒரே அளவில் நின்றால் ரிசீவருக்கும் வூஃபருக்கும் இடையிலோ வூஃபரிலோ இருக்கிறது. கிரவுண்ட் லூப் உறுமல் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

அடுத்து, வூஃபரில் கரண்ட் வயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற வயரைக் கழற்றுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸ். சுருதி ஞானம் உள்ளவர்களுக்கு 50 ஹெர்ட்ஸ் உறுமலைவிட ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அதற்கு ரிப்பேர்க்காரரிடம் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரில் வராமல் பெட்டியில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் உறுமல் டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கழற்றியதும் நின்றுவிட்டால், மாட்டிவிட்டு ரிசீவர் பக்கம் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கேபிள் வயர்தான் அனேகமாகக் குற்றவாளியாக இருக்கும். ஆர்.சி.ஏ. வயரின் வலை அறுந்திருந்தாலும் உறுமும். வேறு வயர் போட்டால் தெரிந்துவிடும். வூஃபரையும் ரிசீவரையும் டிவியையும் ஒரே இடத்துப் பிளக்குகளில் போட்டாலும் சில வீடுகளில் சரியாகிவிடும்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஐசொலேட்டர். அதையும் வீட்டு எர்த் சரியாக இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே மாட்டுங்கள். இல்லையென்றால் அதுவும் வாயை அடைக்கிற வேலையாகிவிடும். மாடியில் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேபிள் ஐசொலேட்டர் ஆகாது. அந்த வயரிலேயேதான் மேலே இருக்கும் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் டி.சி. போகிறது. இது அதைத் தடுத்துப் படமே வராமல் செய்துவிடும். அவர்கள் வூஃபருக்குப் போகும் ஆர்.சி.ஏ. வயரில் மாட்டும் ரகத்தை வாங்க வேண்டும்.

"ரெண்டு பின் வைத்த சாமான்கள் எத்தனையோ இருக்கிறதே, அவற்றுக்கு எர்த் வேண்டாமா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவை இரட்டை இன்சுலேஷனோடு, எர்த் இல்லாமலே இருக்கும்படி செய்தவை. பின்னால் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும், பாருங்கள். மூணு பின்னோடு வருவது அந்த மூன்றாவது பின்னை நம்பிச் செய்தது. அதை எடுத்துவிட்டால் ரெண்டு பின் சாமான் ஆகிவிடாது. நம்ம ஊர்ப் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? சொருகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விலக வேண்டும், தப்பித்தவறி ஃபேஸ் துளையில் நுழைந்துவிடக் கூடாது. இவ்வளவு யோசித்து ஒருவர் வைத்த பின்னை நாம் ஒரு முறுக்கில் எடுத்துவிடுகிறோம்.

இன்னொருவர், "ஆர்.சி.சி.பி. போட்டாச்சே, எர்த் எதற்கு?" என்றார். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துவராவிட்டால் ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இருந்தால் கசிய ஆரம்பித்ததுமே விழுந்துவிடும், நாம் தொடும்வரை காத்திருக்காது. எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் ஓடின பிறகுதான் விழும். உயிர் தப்பலாம். ஆனால் பரிசோதனை எலி நம் வீட்டு ஆள்தான். ஆகவே இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். விழவில்லையென்றால் உடனே மாற்றுங்கள்.

அந்த மெக்கானிக் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சத்தம் நின்றால்தான் வாடிக்கையாளர் காசு கொடுப்பார். வீட்டு எர்த்தைப் பார்ப்பது அவர் வேலையும் இல்லை. பேவர் பிளாக் போட்டவருக்கு அந்தக் கம்பி என்னவென்றே தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தவன் சும்மா இருந்ததுதான் தப்பு. கீஸர் போட்டால் உறுமுகிறது என்று மனைவி சொன்னபோதும், ஷாக் அடிக்கிறது என்று கேபிள் பையன் சொன்னபோதும், குழாய் ஜிவ்வென்கிறது என்றபோதும் ஒரு வார்த்தை பேசி அவர்கள் வாயை அடைத்தேன். வூஃபரின் வாயை அடைத்ததும் அதே புத்திதான்.

என் அப்பா காலத்தில் வால்வ் ரேடியோவுக்குத் தனியாக எர்த் கம்பி இழுத்து, தோட்டத்து மூலையில் புதைத்திருப்பார்கள். கோடையில் ஸ்டேஷன் இரைந்தால், "டேய், எர்த்துக்கு ஒரு வாளி தண்ணி ஊத்துடா" என்பார் அப்பா. அந்தக் காலத்தில் எர்த் எங்கே இருக்கிறது என்று வீட்டில் சின்னப் பையனுக்கும் தெரியும். இன்று உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் வீட்டு எர்த் குழி எங்கே என்று தெரியும்? எனக்கே தெரியாமல் அதன் மேல் நாலு வருஷம் ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கிறேன்.

இப்போது வாரம் ஒரு முறை செடிக்குத் தண்ணீர் விடும்போது எர்த் புனலிலும் ஒரு வாளி ஊற்றுகிறேன். போன வாரம் போனில் பேரன் கேட்டான்: "தாத்தா, தண்ணி இன்னும் கடிக்குதா?"

"இல்லடா கண்ணு, சரி பண்ணியாச்சு" என்றேன்.

நீங்களும் இன்று ஒரு தடவை வாசலில் இறங்கி, மெயின் போர்டிலிருந்து வரும் அந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அது போய்ச் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், நாளைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.